அம்மாவின் ஸ்லைடு

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் பதில் எழுதுபவர், சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் ஆய்வகத்தில் 33 ஆண்டுகள் நுட்புநராக இருந்து 2023-ல் ஓய்வு பெற்றவர். பாப் ஸ்மியர் ஸ்லைடுகளை (கர்ப்பப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த செல்கள் தடவிய கண்ணாடித் துண்டுகளை) நுண்ணோக்கியில் பார்த்துச் சந்தேகமான செல்லுக்குப் பக்கத்தில் மைப்புள்ளி வைத்து டாக்டரிடம் தள்ளுவது அவர் வேலை. 1998-ல் அம்மாவைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தன் பெயர் வேண்டாம் என்றார். கடிதம் எழுதியவர்களின் பெயரும் வேண்டாம், பேட்டையின் பெயர் போதும் என்றார். அப்படியே செய்திருக்கிறோம்.

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் அம்மா இறந்துவிட்டார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஒரு வருடமாகவே இரத்தம் பட்டிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. ஒரே வீடு, ஒரே குளியலறை. எனக்கு எப்படித் தெரியாமல் போனது? நான் கேட்டிருந்தால் அம்மா பிழைத்திருப்பாரா? இரவில் தூக்கம் வருவதில்லை. எனக்கு வயது 34. – வியாசர்பாடி வாசகி

பதில்: 'ஒரே குளியலறை' என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை அங்கேயே மடித்து வைத்துவிட்டு, மறுநாள்தான் மீதியைப் படித்தேன். உங்களுக்குக் குளியலறை, எனக்கு மொட்டை மாடிக் கொடிக்கயிறு.

பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டு அறை வீடு எங்களுடையது. அம்மா ரவிக்கை தைப்பார். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் நான், எனக்குப் பிறகு நான்கு பேர். 48 வயதில் மாதவிலக்கு நின்றது. 'அப்பாடா, விட்டது தொல்லை' என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. 1996-ல் தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை வரும்போல் இருந்ததால் துணி எடுக்க மாடிக்கு ஓடினேன். கொடியில் கிடந்த அம்மாவின் பழைய பாவாடையை எடுத்தால், அதன் அடியில் கிழித்த வேட்டித் துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. தையற்காரி வீட்டில் துணித்துண்டு கிடப்பது அதிசயமா என்ன? மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அப்போது நான் ஆய்வகத்தில் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஸ்லைடோடு வரும் படிவத்தில் 'மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு' என்று எழுதியிருந்தால், அடுக்கில் எங்கே இருந்தாலும் அதை உருவி முதலில் பார்ப்பேன். அந்த வரிக்கு எங்கள் மேஜையில் அவ்வளவு மரியாதை. அதே வரி என் வீட்டுக் கொடியில் காய்ந்தது, நான் படிக்கவில்லை.

பங்குனியில்தான் அம்மா வாய் திறந்தார். அதுவும் இரத்தத்தைப் பற்றி அல்ல, இடுப்பு வலி என்றுதான். 'உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிட்டால் சரியாகிவிடும்' என்றார். பார்க்கும்போது மூன்றாம் கட்டம், ஒரு பக்கச் சிறுநீரகம் வீங்கியிருந்தது. 25 நாள் கரண்ட் வைத்தார்கள். (கதிர்வீச்சு என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது, கரண்ட் என்றால் பயந்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல சொல் இதுவரை கிடைக்கவில்லை.) பிறகு ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தார், இரண்டு தீபாவளி ரவிக்கைகள்கூடத் தைத்தார். 1998 ஆடி மாதம் போய்ச் சேர்ந்தார். 53 வயது.

எப்படித் தெரியாமல் போனது என்று கேட்கிறீர்கள். மறைத்தவர் நன்றாக மறைத்தார், அவ்வளவுதான். மாதா மாதம் 35 வருடம் மறைத்துப் பழகிய கைகள் அவை. ஆண்பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்று 13 வயதில் சொல்லிக் கொடுத்தோம், 50 வயதுக்கு மேலும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

நீங்கள் கேட்டிருந்தால்? அதையும் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். சில மாதங்கள் முன்னால் தெரிந்திருந்தால் கட்டம் ஒன்று குறைந்திருக்கலாம், குறையாமலும் போயிருக்கலாம். ஆனால் அம்மாவைச் சுலபமாகக் காப்பாற்றியிருக்கக்கூடிய காலம் அந்த ஒரு வருடம் அல்ல. இந்த நோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸ் உடலுக்குள் வந்து, பெரும்பாலானவர்களிடம் தானாகவே போய்விடுகிறது. சிலரிடம் தங்கிவிடுகிறது. தங்கியது செல்களை மாற்றி, அது புற்றாக முற்றப் பொதுவாகப் 10 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். அந்த இடைவெளி முழுவதும் வலி இல்லை, இரத்தம் இல்லை, கொடியில் துணியும் இல்லை. ஸ்லைடில் மட்டும் தெரியும். என் அம்மாவின் ஸ்லைடு என் மேஜைக்கு வந்திருக்க வேண்டிய காலம் 1996 அல்ல, அதற்கும் பத்து வருடம் முன்பு, அவர் நாற்பதைத் தாண்டிய நாட்களில், ஒரு தொந்தரவும் இல்லாமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தபோது. அப்போது நான் வேலையிலேயே சேரவில்லை. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு மூன்று வருடம் ஆனது. மாடிப்படியில் ஏறும்போதெல்லாம் தவறான வருடத்துக்காக அழுதுகொண்டிருந்திருக்கிறேன்.

உங்களுக்கு 34 வயது. அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கும் இரத்த வழியில் இறங்கும் நோய் அல்ல இது, அந்தப் பயம் வேண்டாம். அம்மாவுக்காக அல்ல, உங்கள் வயதுக்காகப் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தூக்கம் இப்படியே வராமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 104-க்கு அழைத்தாலும் பேசுவார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 51 வயதில் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது, 53-ல் காலமானார். அதற்கு முன் இரண்டு வருடம் 'மூலம்' என்று தாமே முடிவுசெய்து கருணைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு 38 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. பரிசோதனை என்று பேச்செடுத்தால் 'சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீர்கள்' என்கிறாள் மனைவி. – அம்பத்தூர் வாசகர்

பதில்: தம்பி, சங்கை நாம் ஊதாவிட்டால் பிறகு வேறொருவர் வந்து ஊதுவார். உங்கள் மனைவி கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் சொன்ன பழமொழியைத்தான் முடித்து வைத்தேன்.

உங்களுடையது மேலே உள்ள வாசகியின் கதை அல்ல. பெருங்குடல் புற்றுநோயில் குடும்ப வரலாறு முக்கியம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்குள் வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதில், அல்லது வந்தவருக்குத் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், எது முந்தியோ அப்போது கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ள வேண்டும். அப்பாவின் 51-ல் பத்தைக் கழித்தால் 41. ஆகவே உங்களுக்கு 40. இரண்டு வருடம் இருக்கிறது. ஆனால் மலத்தில் இரத்தம், காரணம் தெரியாத இரத்தசோகை, வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறி மாறி வருவது, எடை குறைவது, இதில் ஒன்று தலைகாட்டினாலும் அந்த இரண்டு வருடக் கணக்கு செல்லாது. அன்றைக்கே போக வேண்டும்.

இந்தப் பரிசோதனைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. குடலின் உட்சுவரில் 'பாலிப்' என்று சிறு சதைமொட்டு முளைக்கும். அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம்கூட ஆகும். குழாய் உள்ளே போகும்போது மொட்டு கண்ணில் பட்டால், அதே மூச்சில் வெட்டி எடுத்துவிடுவார்கள். நோயைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல் அது வருவதையே தடுக்கும் சோதனை இது. ஒன்றும் இல்லை என்றால் உங்களைப் போன்றவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். கஷ்டம் முந்தின இரவுதான். குடலைக் கழுவ லிட்டர் கணக்கில் மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். அன்று வீட்டில் ஒரே கழிப்பறை என்றால் மற்றவர்களை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சோதனையின்போது மயக்கம் தருவார்கள், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் நினைவில் இருப்பதில்லை.

நம் அரசாங்கத் திட்டத்தில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றுக்குத்தான் பொதுப் பரிசோதனை. பெருங்குடல் அதில் இல்லை. எனவே யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். அண்ணன், அக்கா இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பா வழியில் வேறு யாருக்காவது 50 வயதுக்குள் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள், டாக்டர் கேட்பார். 'வயிற்றில் கட்டி வந்து போனார்' என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூலம் இருந்தால் இரத்தம் வரும் என்பது உண்மைதான். ஆனால் மூலம் இருக்கிறவருக்குப் புற்றுநோய் வரக்கூடாது என்று சட்டம் இல்லையே. கருணைக்கிழங்கைச் சாப்பிடட்டும், சாப்பிட்டுவிட்டு டாக்டரிடமும் காட்டட்டும்.

கேள்வி: சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று மாமா தடுக்கிறார். – தண்டையார்பேட்டை வாசகி

பதில்: பரவாது. கத்தி பட்டதால் பரவியது என்று மாமா நினைக்கிறவர்களுக்கெல்லாம், கத்தி படுவதற்கு வெகு நாள் முன்பே பரவியிருந்தது. பயந்து பயந்து கடைசியில் வந்தவர்கள் அவர்கள். சதையைப் பார்க்காமல் எந்த வகை, என்ன மருந்து என்று எந்த டாக்டராலும் முடிவுசெய்ய இயலாது. மாமாவிடம் என் பெயரைச் சொல்ல முடியாது, அதனால் வண்ணாரப்பேட்டைக்காரி சொன்னாள் என்று சொல்லுங்கள்.

கேள்வி: பாப் ஸ்மியர், எச்.பி.வி., வினிகர் தடவுவது என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். எது நல்லது? எங்கே செய்துகொள்வது? – கொளத்தூர் வாசகி, 42 வயது

பதில்: என் தொழிலைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

பாப் ஸ்மியர் என்பதில் 'பாப்' ஒரு மனிதரின் பெயரில் பாதி. ஜார்ஜ் பாப்பனிகொலாவ், கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்தவர். ஆராய்ச்சிக்குத் தினமும் மாதிரி கொடுத்தவர் அவருடைய மனைவி. பல ஆண்டுகள், நாள் தவறாமல். கணவரின் பெயர் உலகத்திலுள்ள ஆய்வகச் சாயப் புட்டிகளில் எல்லாம் ஒட்டியிருக்கிறது, மனைவியின் பெயரை எங்கும் பார்த்ததில்லை. கர்ப்பப்பையின் வாயில் சிறு தூரிகையால் வழித்து எடுத்த செல்களைக் கண்ணாடியில் தடவி, அவர் சொன்ன சாயத்தில் முக்கினால், முதிர்ந்த செல் இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாக, அடுத்த அடுக்கு நீலப்பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும். நடுவில் ஒரு செல்லின் கரு மட்டும் வீங்கிக் கறுத்து, ஓரம் கோணலாக நிற்கும். அதற்குப் பக்கத்தில்தான் மைப்புள்ளி. பொதுவாக மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சோதனை இது.

எச்.பி.வி. சோதனை செல்லைப் பார்ப்பதில்லை, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது. என் கண்ணைவிடக் கெட்டிக்காரச் சோதனை என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தம் இல்லை. 30 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கும் முறையும் உண்டு. வைரஸ் இருக்கிறது என்று வந்தால் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை, அடுத்த சோதனைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். முக்கியமாக, வீட்டுக்காரரைச் சந்தேகப்படவும் வேண்டாம். எத்தனையோ வருடம் முன்னால் வந்து ஒளிந்திருக்கும். அவர் உங்களைச் சந்தேகப்பட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

நீங்கள் 'வினிகர்' என்றது அசிட்டிக் அமிலத்தை. நீர்த்த அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறிய செல்கள் உள்ள இடம் வெளுத்துக் காட்டும். நுண்ணோக்கி வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், அங்கேயே முடிவு தெரிந்துவிடும். மலிவானதுதானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். 2000-ல் நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் இதே சோதனையை ஒரே ஒரு முறை செய்தார்கள், தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை தந்தார்கள். 2007-ல் வெளியான முடிவில், சோதனை நடந்த ஊர்களில் இந்த நோய் வருவது 25 சதவீதமும், இதனால் சாவது 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒருமுறை தடவியதற்கு! அந்த முடிவைப் படித்த அன்று நான் ஸ்லைடு பெட்டியை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒரு குறை உண்டு. மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பார்க்கவேண்டிய இடம் உள்ளே ஒதுங்கிவிடுவதால் அமிலச் சோதனை சரியாக வராது. அவர்களுக்குப் பாப் அல்லது எச்.பி.வி.தான். உங்களுக்கு 42, எதுவும் சரி. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் கட்டணம் இல்லாமல் செய்கிறார்கள். உங்கள் பகுதியில் எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். மாதவிலக்கு நாட்களில் வேண்டாம். இரண்டு நாள் முன்னால் தாம்பத்தியமும் உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். புடவை கட்டிக்கொண்டு போங்கள், சுடிதாரைவிட வசதி. ஐந்து நிமிட வேலைக்கு ஒன்றையும் அவிழ்க்க வேண்டியதில்லை.

'எது நல்லது' என்றால், உங்களுக்கு எது முதலில் கிடைக்கிறதோ அது.

கேள்வி: அம்மாவுக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து 44-ல் இறந்தார். எனக்கு 29. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஒரு பரிசோதனைத் தொகுப்பில் இரத்தத்திலேயே புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் ட்யூமர் மார்க்கர் சோதனைகள் இருக்கின்றன. வருடாவருடம் செய்துகொள்ளலாமா? – சோழிங்கநல்லூர் வாசகி

பதில்: அந்தப் பணத்தில் ஒரு நல்ல புடவை எடுத்துக்கொள்ளுங்கள். நோய் இல்லாதவருக்கு அந்த மார்க்கர்களைப் பார்ப்பதால் நிம்மதியும் கிடைக்காது, நோயும் கிடைக்காது. அவற்றில் ஒன்றான சிஏ 125 மாதவிலக்கு நாட்களில்கூட ஏறும். ஏறினால் ஸ்கேன், ஸ்கேனுக்குப் பிறகு இன்னொரு ஸ்கேன் என்று ஆறு மாதம் போய்விடும். நோய் இருந்தும் ஏறாமல் இருப்பதும் உண்டு. அது நோய் வந்தவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கப் பயன்படும் சோதனை.

உங்களுக்கு வேண்டியது வேறு. அம்மாவுக்கு அவ்வளவு இளம் வயதில் வந்ததால், மரபணுக் காரணமா என்று பார்ப்பது நியாயம். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு 5 முதல் 10 தான் அப்படி, ஆனால் நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்று தெரிந்தால் கணக்கே மாறிவிடும். மரபணு ஆலோசனை தரும் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். வழக்கமாக நோய் வந்தவரைத்தான் முதலில் சோதிப்பார்கள். அம்மா இல்லை. இங்கேதான் ஆய்வகக்காரியின் ஒரு யோசனை: அம்மாவின் சதைத் துண்டை மெழுகில் பதித்துச் சிறு கட்டியாக மருத்துவமனைகள் பல வருடம் வைத்திருக்கும். பழைய கோப்பில் சதைப் பரிசோதனை எண் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். கட்டி கிடைத்தால் டாக்டருக்கு உதவலாம். கோப்பைத் துக்கத்தில் யாரும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

மரபணுவில் ஒன்றும் இல்லை என்றாலும், அம்மாவின் 42-ல் பத்தைக் கழித்த வயதில், அதாவது 32-ல், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தொடங்கச் சொல்வார்கள். இளம் வயதில் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் எம்.ஆர்.ஐ.யும் கேட்கலாம். மரபணுவில் கோளாறு தெரிந்தால் இதற்கும் முன்னதாகவே தொடங்குவார்கள். அதற்கிடையில் கட்டி, தோலில் சுருக்கம், காம்பிலிருந்து கசிவு என்று ஏதாவது தட்டுப்பட்டால் 32 வரை உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேள்வி: அம்மா அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று இறந்தார். இன்றும் அந்தச் சாலையில் பஸ் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். – ராயபுரம் வாசகர்

பதில்: கேள்வி எங்கே என்று தேடினேன், இல்லை. பரவாயில்லை. இந்த ஊரில் 'அடையாறுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்' என்றால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆற்றின் பெயரே நோயின் பெயராகிவிட்டது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-ல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்தார். அவர் தொடங்கிய அந்த மருத்துவமனை 1954-ல் வந்தது, 12 படுக்கைகளோடு. நடுவில் 31 வருடம். மறுவருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை அதை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொள்வது தவறில்லை. நானும் எங்கள் பழைய வீட்டுத் தெரு வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 58. கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்கு வரச் சொன்னால் 'எனக்கு என்ன கேடு, உங்கள் அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறது' என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது? – மயிலாப்பூர் வாசகி

பதில்: அப்பா போய்ப் பத்து வருடம் ஆனால் என்ன, வைரஸுக்கு அது தெரியுமா? 65 வயது வரை செய்துகொள்ளலாம், அதுவரை ஒருமுறைகூடச் செய்துகொள்ளாதவர் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். வாதம் செய்யாதீர்கள். 'எனக்குப் பயமாக இருக்கிறது, துணைக்கு வா' என்று கூட்டிப்போங்கள். முதலில் நீங்கள் படுங்கள். வெளியே வந்து, காது குத்துவதைவிடக் குறைந்த வலி என்று சொல்லுங்கள். பிறகு நர்ஸம்மா பார்த்துக்கொள்வார். பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வெளியே வந்ததும் கற்பகாம்பாள் சன்னதிக்கோ, நல்ல காபிக்கோ அழைத்துப் போங்கள். எந்தப் பரிசோதனைக்கும் இது பொருந்தும்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. எச்.பி.வி. தடுப்பூசி போடலாமா? – மாதவரம் வாசகி

பதில்: போடுங்கள். 9 முதல் 14 வயதுதான் சரியான காலம். இந்தியாவிலேயே தயாராகும் ஊசியும் 2023-லிருந்து கிடைக்கிறது. வழக்கமாக இரண்டு ஊசி. இந்த வயதுக்கு ஒன்றே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொல்லியிருக்கிறது, உங்கள் குழந்தை மருத்துவர் முடிவுசெய்வார். ஊசி போட்டாலும் 30 வயதில் அவள் பரிசோதனைக்குப் போக வேண்டும். 'கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எதற்கு' என்று மாமியார் கேட்டால், கல்யாணத்துக்கு முன்னால் போடுவதுதான் அதன் உபயோகம் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எல்லோருக்கும் சொல்கிறீர்களே, நீங்கள் எப்போது செய்துகொண்டீர்கள்? மறைக்காமல் எழுதவும். – பெரம்பூர்

பதில்: எழுத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்தவர் போலிருக்கிறது. சரி.

2001-ல். அம்மா போய் மூன்று வருடம் கழித்து. பயத்தினால் தள்ளிப்போட்டேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் அது கூச்சம். ஆய்வகத்தில் எல்லோரும் தெரிந்தவர்கள். ஸ்லைடின் ஓரத்தில் என் பெயர், படிவத்தில் எத்தனை பிரசவம், எப்போது மாதவிலக்கு என்றெல்லாம். அதைப் போய்ப் பக்கத்து நாற்காலிக்காரி படிப்பதா?

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள்: 'அக்கா, உங்களுடையது எந்த வருடப் பதிவேட்டில் இருக்கிறது?' இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரமே வெளிநோயாளிப் பிரிவில் போய்ப் படுத்தேன். படிவத்தை நானே நிரப்பினேன். வயது 38, பிரசவம் இரண்டு. பெயர் என்ற இடத்தில் என் கை அம்மாவின் பெயரை எழுதியது. கூச்சத்தால் எழுதினேனா, வேறெதற்காகவா என்று அப்போதும் தெரியவில்லை.

அவள்தான் சாயம் போட்டாள், அவள்தான் பார்த்தாள். இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் நுண்ணோக்கியில் எதிர்ப் பக்கம் என்னை உட்கார வைத்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரு வரிகூட விடாமல் நகர்த்திக் காட்டினாள். ஆரஞ்சு, நீலப்பச்சை, ஆரஞ்சு. மைப்புள்ளி வைக்க ஓர் இடமும் இல்லை. முடித்ததும் படிவத்தை எடுத்தாள். அம்மாவின் பெயரை ஒற்றைக் கோட்டில் அடித்து, மேலே என் பெயரை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்துவிட்டு, அடுத்த ஸ்லைடை எடுத்தாள்.